லே போக எந்த வழி: ஸ்ரீநகரா, மணாலியா?

லடாக் என்னும் குளிர் பாலைவனத்துக்குச் சொந்தக் காரில் போக நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஸ்ரீநகரிலிருந்து சோனமார்க், கார்கில் வழியாக லடாக்கின் முக்கிய ஊரான லே சுமார் 420 கிலோமீட்டர். மணாலியிலிருந்து அடல் சுரங்கம், கேலாங், சர்ச்சூ வழியாகப் போனாலும் ஏறத்தாழ அதே தூரம்தான். நாங்கள் போன வருடம் செப்டம்பரில் ஸ்ரீநகர் வழியாக ஏறி, மணாலி வழியாக இறங்கினோம். முதல் தடவை போகிறவர் யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

அழகில் மணாலி வழிக்குத்தான் முதலிடம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகள், பாங் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் 4,700 மீட்டர் உயரத்தில் விரியும் மோரே சமவெளி, இதற்கெல்லாம் ஈடு இல்லை. ஸ்ரீநகர் பக்கமும் குறைந்ததல்ல. லாமாயூருவில் பழைய ஏரிப் படுகையின் மஞ்சள் மண்ணை மழையும் காற்றும் மடிப்பு மடிப்பாக அரித்து வைத்திருக்கின்றன. மாலை வெயிலில் அதைப் பார்க்க வேண்டும்.

சாலையும் இரண்டிலும் பெரும்பகுதி நல்ல தார்தான். ஸ்ரீநகர் வழியில் ஸோஜி லா (லா என்றால் கணவாய்) ஒன்றுதான் தொல்லை: மழை பெய்தால் சேறு, மண் சரிவு, லாரி வரிசை. 2025 ஜனவரியில் சோனமார்க் சுரங்கம் திறந்த பிறகு சோனமார்க் வரை போவது எளிதாகிவிட்டது. அமர்நாத் யாத்திரை நடக்கும் நாட்களில் அந்தப் பக்கம் கெடுபிடி அதிகம் என்பதால் தேதியைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

என்னைப் பொறுத்தவரை இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ராத்திரி எந்த உயரத்தில் தூங்குகிறீர்கள்?

3,000 மீட்டருக்கு மேலே போனபின், தூங்கும் உயரம் ஒரு இரவுக்குச் சுமார் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. பகலில் உயரமான கணவாயைக் கடந்து இறங்குவதை உடம்பு ஓரளவு தாங்கிக்கொள்ளும். அதே உயரத்தில் படுத்துத் தூங்குவதுதான் சிக்கல். ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர், கார்கில் 2,700, லே 3,500. வழியிலேயே உயரமான ஃபோட்டு லா 4,108 மீட்டர். ஏறிய வேகத்திலேயே இறங்கிவிடலாம். கார்கிலிலிருந்து லே வரும் நாளில் 800 மீட்டர் கூடுகிறது என்பதால், லே சேர்ந்ததும் இரண்டு நாள் எங்கும் போகாமல் ஓய்வெடுப்பது அவசியம்.

மணாலி 2,050 மீட்டர். முதல் இரவு ஜிஸ்பாவில் தங்கினால் 3,200. அடுத்த இரவு பலரும் தங்குவது சர்ச்சூ கூடாரங்களில், அது 4,290 மீட்டர். ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் கூடிவிடுகிறது. தலைவலி, வாந்தி என்று உயர நோய் ஆரம்பித்தால் அதற்கு முதல் மருந்து கீழே இறங்குவதுதான். சர்ச்சூவிலிருந்து எந்தப் பக்கம் இறங்குவது? பின்னால் போனால் சுமார் 4,900 மீட்டர் பாரலாச்சா கணவாய், முன்னால் போனால் 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுங் லா. பாங்கில் மாட்டிக்கொண்டாலும் இதே கதைதான், அங்கிருந்து லே பக்கம் போக 5,328 மீட்டர் தங்லங் லாவை ஏற வேண்டும். இறங்க வேண்டிய ஆளை முதலில் இன்னும் மேலே ஏற்றித்தான் இறக்க முடியும். கார்கில் பக்கம் அந்த நிலைமை இல்லை. ஊர்களும் ஆஸ்பத்திரியும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

திரும்பும்போது நாங்களும் சர்ச்சூவில் ஒரு இரவு தங்கினோம். லேவில் பழகிய உடம்புதான். இருந்தும் என் மாமனாருக்குத் தூக்கத்தில் மூச்சு சில நொடி நின்று, பிறகு பெருமூச்சாக வாங்கி, மறுபடி நின்றது. உயரத்தில் பலருக்கும் இப்படி ஆகும், பெரும்பாலும் ஆபத்தில்லை என்று படித்திருந்தேன். ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மூச்சை எண்ணிக்கொண்டிருந்தபோது, பழகாத உடம்போடு இவரை இந்த வழியில் ஏற்றாமல் விட்டோமே என்று ஆறுதலாக இருந்தது.

பைக்கில் போகிறவர்களுக்கும், ஜூன் மாதப் பனியில் போகிறவர்களுக்கும் என் அனுபவத்திலிருந்து சொல்ல ஒன்றுமில்லை. மணாலியில் ஏறியே ஆக வேண்டும் என்றால் ஜிஸ்பாவில் இரண்டு இரவு தங்கிவிட்டு, மூன்றாம் நாள் விடியுமுன் கிளம்பி ஒரே ஓட்டமாக லே சேர்வது நல்லது. அது நீண்ட நாள், இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். வெயில் ஏற ஏறப் பனி உருகிச் சாலையைக் கடக்கும் ஓடைகளில் தண்ணீர் கூடும் என்பதாலும் காலைதான் நல்ல நேரம்.

ஏற்பாடுகள் இரண்டு வழிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். போஸ்ட்பெய்ட் சிம் வேண்டும், வெளி மாநில பிரீபெய்ட் அங்கே எடுக்காது. பஞ்சர் கிட், காற்றடிக்கும் சின்ன பம்ப், கையில் ரொக்கம். உயர நோய்க்கான அசிட்டசோலமைடு மாத்திரையை டாக்டரிடம் கேட்டு மட்டும் எடுங்கள், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். கடைகளில் விற்கும் சின்ன ஆக்சிஜன் டப்பா சில நிமிடத்தில் காலியாகிவிடும், அதை நம்பி மேலே ஏறாதீர்கள்.

பெட்ரோல் விஷயத்தில் மட்டும் வித்தியாசம் பெரிது. ஸ்ரீநகர் வழியில் கார்கிலில் நிரப்பினால் லே வரை கவலையில்லை. மணாலி வழியில் கேலாங்குக்கு முன்னால் டாண்டி பம்பில், அடுத்த பம்ப் 365 கிலோமீட்டர் என்று பலகையே வைத்திருந்தார்கள். ஏற்றத்தில் மைலேஜ் குறையும் என்பதால் முழு டேங்கோடு ஒரு கேனும் வைத்துக்கொள்ளுங்கள். லேவிலிருந்து இறங்குகிறவர்கள் லேவை அடுத்த காரூவிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும்.