ஜோக்கர் வராத கை: ஹார்த்ஸ்டோனில் ஒரு கார்டை நம்பி டெக் கட்டிய பத்து வருஷம்

போன மாதம் கீழ்வீட்டுப் பையன் ஃபோனை நீட்டிக்கொண்டு மாடி ஏறி வந்தான். கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறான். "அண்ணா, இந்த லெஜண்டரிக்காக இருந்த 1600 டஸ்ட்டையும் போட்டுட்டேன். மிச்ச 29 கார்டும் இதுக்குன்னே தேடித் தேடி வெச்சேன். அப்படியும் தோத்துக்கிட்டே இருக்கேண்ணா."

டெக்கைப் பார்த்தேன். அவன் சொன்னது உண்மைதான். ஒவ்வொரு கார்டும் அந்த ஒரு கார்டின் வரவுக்காகவே காத்திருந்தது. 2015 நவம்பரில் நான் கட்டிய டெக்கும் இதே மாதிரிதான் இருந்தது. அன்று அவனிடம் பேசியதையும், இத்தனை வருஷம் ஹார்த்ஸ்டோன் ஆடியதில் புதிய கார்டுகளைப் பற்றி எனக்குப் புரிந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

ஆடிப் பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக: ஹார்த்ஸ்டோன் 2014 இல் வந்த டிஜிட்டல் கார்டு ஆட்டம். ஆண்ட்ராய்டு ஃபோனுக்கு 2015 ஏப்ரலில் வந்தது. டெக்குக்கு, அதாவது ஆடக் கொண்டுவரும் கார்டுக்கட்டுக்கு, 30 கார்டு. ஒரே கார்டை இரண்டு வரை வைக்கலாம், மிக அரிய கார்டான லெஜண்டரி மட்டும் ஒன்றுதான். வேண்டாத கார்டை உடைத்தால் டஸ்ட் கிடைக்கும், அதைக் கொடுத்து வேறு கார்டு செய்துகொள்ளலாம். ஹீரோவுக்கு 30 உயிர். கார்டு இறக்கச் செலவாகும் மானா டர்னுக்கு ஒன்றாக ஏறி 10 இல் நிற்கும். வேளச்சேரியில் பறக்கும் ரயிலில் ஏறி உட்கார்ந்தால் சேப்பாக்கம் வருவதற்குள் இரண்டு ஆட்டம் முடித்துவிடலாம். நான் தொடங்கியதே அந்த ரயிலில்தான்.

என்னைப் பிடித்துக்கொண்ட கார்டு ரெனோ ஜாக்சன். 'லீக் ஆஃப் எக்ஸ்ப்ளோரர்ஸ்' என்ற சாகசத் தொகுப்போடு 2015 நவம்பரில் வந்தார். விலை 6 மானா. அவரை இறக்கும்போது டெக்கில் எந்தக் கார்டும் இரண்டாக இல்லையென்றால், ஹீரோவின் உயிர் முழுவதும் திரும்பிவிடும். 2 உயிரோடு தொங்கிக்கொண்டிருந்தவர் மறு நொடி 30 இல் நிற்பார். கார்டு பேக் உடைத்து அதிர்ஷ்டம் பார்க்க வேண்டியதும் இருக்கவில்லை. அப்போது ஆட்டத்துக்குள் சேர்த்த 700 கோல்டைக் கொடுத்து முதல் பகுதியைத் திறந்து முடித்தால் ரெனோ கிடைத்துவிடுவார். தினமும் குவெஸ்ட் செய்து 40, 60 என்று கோல்டு சேர்த்துக்கொண்டிருந்த எனக்கு, காசே செலவழிக்காமல் கையில் கிடைத்த முதல் பெரிய கார்டு அதுதான்.

அப்போது என்னிடம் ஓரளவு கார்டு இருந்தது ஹன்டர் என்ற ஹீரோ வகுப்பில் மட்டும். அதிலேயே ரெனோவை வைத்தேன். இருந்த ஜோடிகளை எல்லாம் பிரித்து, 30 வெவ்வேறு கார்டுகளை அடுக்கினேன். ரெனோ வந்த ஆட்டங்கள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. எதிராளி அடுத்த டர்னில் முடித்துவிடலாம் என்றிருக்கும்போது உயிர் 30 க்கு ஏறும். இந்திரா நகர் ஸ்டேஷனில் இறங்க வேண்டிய நான் கோட்டூர்புரம் வரை போனதுண்டு. ஆனால் மொத்தத்தில் தோல்விதான் அதிகம். ஏன் என்று அந்த நவம்பர் முழுக்கப் புரியவில்லை.

டிசம்பர் 1 இரவு வேளச்சேரி முழுகியது. நாங்கள் தரைத்தளம். எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு, இரண்டாம் மாடியில் இருந்த பெரியப்பா வீட்டுக்குப் போய்விட்டோம். சாகசத்தின் மூன்றாம் பகுதி திறந்ததும் அந்த வாரம்தான். எங்களுக்கோ கரண்ட் இல்லை, நெட் இல்லை, குடிக்கிற தண்ணீருக்கே பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நின்றோம். ராத்திரிகளில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பெரியப்பா சீட்டுக்கட்டை எடுப்பார். வீட்டில் எல்லோரும் ரம்மி ஆடுவோம். பயத்தை மறக்க அது ஒன்றுதான் இருந்தது.

மூன்றாம் நாள் ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, நான் கட்டிலிருந்து 29 சீட்டும் ஒரு ஜோக்கரும் எண்ணி எடுத்தேன். ஜோக்கர்தான் ரெனோ. முதலில் ஆடுபவருக்கு 3 கார்டு வரும், வேண்டாததை மாற்றிக்கொள்ளலாம், பிறகு டர்னுக்கு ஒன்று. ஆறாவது டர்னுக்குள் ஜோக்கர் கைக்கு வருகிறதா என்று கலைத்துக் கலைத்துப் போட்டுப் பார்த்தேன். 50 தடவையில் 18 தடவை வந்தது. பிறகு காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்கு போட்டேன். மூன்று கார்டையும் மாற்றினாலும் வாய்ப்பு சுமார் 38 சதவீதம்தான். இரண்டாவதாக ஆடுபவருக்கு 4 கார்டு என்பதால் சுமார் 44.

தூக்கம் வராமல் எழுந்து வந்த பெரியப்பா என்ன செய்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஜோக்கர் வந்தா நல்லதுதான்டா. ஆனா ஜோக்கரே சேராம ஒரு ரம்மி இருந்தாத்தானே ஆட்டத்தை முடிக்க முடியும்? அது வராத கையை எப்படி ஆடப்போறே, அதைச் சொல்லு" என்றார்.

என் ஹன்டர் டெக்கில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. ஹன்டரின் ஹீரோ பவர் (கார்டு இல்லாமலேயே டர்னுக்கு ஒரு தடவை அழுத்தக்கூடிய திறன்) 2 மானாவுக்கு எதிராளியின் ஹீரோவை 2 அடிக்கும். சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்ற வகுப்பு அது. ரெனோவுக்கோ ஆட்டம் நீள வேண்டும். கார்டு எடுக்க உதவும் வழியும் ஹன்டரில் குறைவு. 100 ஆட்டத்தில் கிட்டத்தட்ட 60 இல் ரெனோ சமயத்துக்கு வராமல் போகும். அந்த ஆட்டங்களில் என்னிடம் இருந்தது ஜோடிகளை இழந்து பலம் குறைந்த சாதாரண ஹன்டர் டெக், அவ்வளவுதான்.

கரண்ட் வந்ததும் வார்லாக் என்ற வகுப்புக்கு மாறினேன். வார்லாக்கின் ஹீரோ பவர் 2 மானா செலவில் ஒரு கார்டு எடுக்கும், பதிலுக்கு 2 உயிர் போகும். ஐந்து டர்னுக்குள் மூன்று தடவை அதை அழுத்தினால் ஆறாவது டர்னில் ரெனோ கையில் இருக்க வாய்ப்பு 38 இலிருந்து சுமார் 47 க்கு ஏறுகிறது. இரண்டாவதாக ஆடினால் 52. கார்டு எடுத்ததற்காகப் போன உயிரையும் ரெனோவே திருப்பித் தருகிறார். ஆனால் வார்லாக் நிலைத்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கை நிறையக் கார்டு வைத்து ஆடும் வார்லாக் டெக் ரெனோவுக்கு முன்பே இருந்தது. ட்வைலைட் டிரேக் என்ற கார்டு, கையில் உள்ள ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு உயிர் கூடி இறங்கும். மவுண்டன் ஜயன்ட்டின் விலை 12, கையில் உள்ள மற்ற ஒவ்வொரு கார்டுக்கும் ஒன்று குறையும். ரெனோ வந்தாலும் வராவிட்டாலும் இவை நான்காவது டர்னில் பெரிய உடம்போடு மேசையில் நிற்கும். பெரியப்பா கேட்ட ஜோக்கர் சேராத ரம்மி இங்கே இருந்தது.

ஜோடி வைக்க முடியாத டெக்கில் கார்டைப் பெயரால் எண்ணாமல் வேலையால் எண்ண வேண்டும் என்பதையும் அப்போதுதான் கற்றேன். எதிராளி மேசையில் இறக்கியவற்றைத் துடைக்க ஹெல்ஃபயர் இரண்டு வைக்க முடியாது. சரி, ஹெல்ஃபயர் ஒன்று, டீமன்ராத் ஒன்று, ஷாடோஃப்ளேம் ஒன்று. மூன்றும் வேறு வேறு பெயர், வேலை ஏறக்குறைய ஒன்று. என் நோட்டில் டெக்கை இன்றும் இப்படித்தான் எழுதுகிறேன்: முதல் மூன்று டர்ன் தாங்க எத்தனை, மேசை துடைக்க எத்தனை, கார்டு எடுக்க எத்தனை, ஆட்டத்தை முடிக்க எத்தனை. புதிய கார்டு எந்த வரிசையிலும் சேராவிட்டால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு வாரம் காத்திருப்பேன்.

ஒரு ஜோடி மட்டும் வைத்தால் என்ன என்ற ஆசை எல்லோருக்கும் வரும். பழைய ரெனோ அந்த நிமிடம் டெக்கில் மிச்சமிருக்கும் கார்டுகளைத்தான் பார்ப்பார். ஜோடியில் ஒன்று கைக்கு வந்துவிட்டால் போதும், அவர் வேலை செய்வார். இதையும் கணக்கு போட்டேன். 10 கார்டு எடுத்திருக்கிறீர்கள், அதில் ஒன்று ரெனோ என்றால், ஜோடியின் இரண்டும் டெக்கிலேயே கிடக்க வாய்ப்பு சுமார் 47 சதவீதம். அதாவது, வராமல் வந்த ரெனோ கிட்டத்தட்ட பாதி நேரம் சிறப்பு வேலை எதுவும் செய்யாமல் வெறும் மினியனாக, அதாவது மேசையில் ஒரு சாதாரண வீரனாக, நிற்பார். அன்றிலிருந்து ஜோடியைத் தொடவில்லை. 2023 நவம்பரில் 'ஷோடவுன் இன் த பேட்லாண்ட்ஸ்' தொகுப்பில் வந்த புதிய ரெனோவில் இந்த வழியே கிடையாது. ஆட்டம் தொடங்கும்போதே டெக்கில் ஜோடி இல்லாமல் இருந்திருக்க வேண்டும் என்று விதி மாறிவிட்டது. நிபந்தனையில் ஓரிரு சொல்தான் மாறியிருக்கிறது. அதை எழுத்தெழுத்தாகப் படிக்காமல் டெக் கட்டினால் முழு இரவும் வீண்.

இனி நான் செய்த தவறு. 2016 டிசம்பரில் கசாகஸும் ராஸாவும் வந்தார்கள், இருவரும் ஜோடி இல்லாத டெக்கையே கேட்பவர்கள். அடுத்த சில நாளில் வர்தா புயலில் மரங்கள் விழுந்து மறுபடி கரண்ட் போனது. கரண்ட் திரும்பிய வேகத்தில், இனி எப்போதும் ஒற்றைப் பிரதி டெக்தான் என்று முடிவெடுத்து, என்னிடம் இருந்த இரண்டாம் பிரதிகளை எல்லாம் உடைத்து டஸ்ட் ஆக்கினேன். நாலே மாதத்தில், 2017 ஏப்ரலில், ரெனோ ஸ்டாண்டர்டு ஆட்டத்திலிருந்து, அதாவது புதிய தொகுப்புகளை மட்டும் அனுமதிக்கும் ஆட்ட வகையிலிருந்து, வெளியேறினார். ஸ்டாண்டர்டு 2016 இல் தொடங்கியபோதே பழைய தொகுப்புகள் போகும் என்று தெரியும். அது என் கார்டுக்கும் வரும் என்று நினைக்கவில்லை. ரேர் கார்டை உடைத்தால் 20 டஸ்ட், திரும்பச் செய்ய 100. அந்த இரண்டாம் பிரதிகளை மீட்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. புதிய கார்டுக்காகப் பழையதை உடைக்காதீர்கள். அந்தக் கார்டு ஸ்டாண்டர்டில் இருக்கப்போவது அதிகம் போனால் இரண்டு வருஷம், உடைத்தவை அதற்குப் பிறகும் வேண்டியிருக்கும்.

வீட்டில் இதை எல்லாம் சீட்டாட்டம் என்றே பார்த்தார்கள். ஃபோனில் பணம் வைத்து ரம்மி ஆடிக் கெட்ட குடும்பங்களைப் பற்றிக் கேட்டிருந்த அம்மாவுக்குப் பயம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் மின்விளையாட்டுகள் காட்சிப் போட்டியாக நடந்தபோது, ஹார்த்ஸ்டோனில் இந்தியாவின் தீர்த் மேத்தா வெண்கலம் வென்றார். அந்தச் செய்தியை அம்மாவிடம் காட்டிய பிறகுதான் இது வேறு என்று நம்பினார். ஆனாலும் அவர் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. பேக் வாங்கக் காசு கேட்கும் ஆட்டம்தான் இது. நான் மாதத்துக்கு ஒரு அளவு வைத்து அதைத் தாண்டுவதில்லை. படிக்கிற பிள்ளைகள் கோல்டிலேயே ஆடுங்கள், முடியும்.

கைக்கே வர வேண்டியதில்லாத கார்டுகளும் உண்டு, அவற்றை வேறு கண்ணால் பார்க்க வேண்டும். 2018 ஏப்ரலில் வந்த ஜென் கிரேமேன், டெக்கில் எல்லாமே இரட்டைப்படை விலையாக இருந்தால் ஹீரோ பவரை 1 மானாவுக்குத் தருவார். பாக்கு, எல்லாம் ஒற்றைப்படையாக இருந்தால் ஹீரோ பவரையே பலப்படுத்தும். இரண்டும் ஆட்டம் தொடங்கும்போதே வேலை செய்துவிடும், ஒவ்வொரு ஆட்டத்திலும். 38 சதவீதம் என்ற பேச்சே இல்லை. இத்தகைய கார்டுக்காக டெக்கில் பாதியைத் தியாகம் செய்தாலும் தகும். அவை எவ்வளவு பலமாக இருந்தன என்றால், மற்ற கார்டுகளைவிட ஒரு வருஷம் முன்னதாகவே, 2019 இல், ஸ்டாண்டர்டிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

2022 இல் இலவசமாகவே கிடைத்த பிரின்ஸ் ரெனதால் இன்னொரு மாதிரி. டெக் 40 கார்டாகும், உயிரும் 40 ஆகும் (பிறகு உயிரை 35 ஆகக் குறைத்தார்கள்). எல்லோரும் எல்லா டெக்கிலும் போட்டார்கள். நான் முதலில் பார்த்தது கணக்கைத்தான். 40 கார்டில் ஒரு குறிப்பிட்ட கார்டு ஆறாவது டர்னுக்குள் வரும் வாய்ப்பு 38 இலிருந்து 29 க்கு இறங்கிவிடுகிறது. ஒரு கார்டை நம்பிய டெக்குக்கு ரெனதால் சரிப்படமாட்டார். எல்லாக் கார்டும் தன் காலில் நிற்கும் டெக்குக்குத்தான் அவர் பொருத்தம்.

பையனிடம் இதை எல்லாம் சொல்லவில்லை. அவன் டெக்கில் அந்த லெஜண்டரி இல்லாவிட்டால் பயனே இல்லாத கார்டுகள் எத்தனை என்று எண்ணச் சொன்னேன். 13 வந்தது. என் டெக்கில் 5 க்கு மேல் விடமாட்டேன். "இப்ப லெஜண்டரியை எடுத்துட்டு, அதே விலையில ஏதாவது சாதா கார்டு போட்டு 20 ஆட்டம் ஆடிட்டு வா" என்றேன். அப்போதுதான் அதை வாங்கியவன், எடுக்கச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. டஸ்ட் செலவழிப்பதற்கு முன் இதைச் செய்வதுதான் என் வழக்கம். கார்டு இல்லாமலேயே டெக் மூன்றில் ஒரு ஆட்டமாவது ஜெயிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் 1600 ஐத் தொடுவேன்.

நாலு நாள் கழித்து வந்தான். 20 இல் 3 தான் ஜெயித்திருந்தான். இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த 13 இல் 8 ஐ எடுத்துவிட்டு, முதல் மூன்று டர்ன் தாங்கும் கார்டுகளைச் சேர்த்தோம். மறுபடி 20 ஆட்டம், லெஜண்டரி இன்னும் வெளியேதான். இந்த முறை 9. நேற்று அதை உள்ளே வைத்தோம். பெரியப்பாவின் பழைய சீட்டுக்கட்டு என் அலமாரியில்தான் இருக்கிறது. அதிலிருந்து 29 எண்ணிக் கொடுத்து, ஜோக்கரைச் சேர்த்துக் கலைக்கச் சொன்னேன்.