ஃபுல் பாடியா, ஸ்ப்ளிட்டா: புதன்கிழமை தவறினால் என்ன ஆகும்?

ஜிம்மில் சேர்ந்த அன்றே ஒரு சார்ட் கொடுத்தார்கள். திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் கால், வியாழன் தோள், வெள்ளி கை. இப்படிப் பிரித்துச் செய்வதுதான் ஸ்ப்ளிட். மூன்று மாதம் செய்துவிட்டு ஃபுல் பாடிக்கு மாறினேன். திங்கள், புதன், வெள்ளி என வாரம் மூன்று நாள்தான்; ஆனால் ஒவ்வொரு நாளும் கால், நெஞ்சு, முதுகு எல்லாவற்றுக்கும் வேலை உண்டு. மாறியவன் எழுதுவது, அதனால் சாய்வு இருக்கத்தான் செய்யும்.

எடையை ஒரு தடவை தூக்கி இறக்கினால் ஒரு ரெப். இடைவிடாமல் பத்து ரெப் போனால் ஒரு செட். இது இரண்டுக்கும் பொது. மொத்தக் கணக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: ஸ்ப்ளிட்டில் புதனன்று காலுக்கு 9 செட், ஃபுல் பாடியில் நாளுக்கு 3 வீதம் அதே 9.

சரி, புதன்கிழமை வேலை இழுத்துவிட்டது, ஜிம்முக்குப் போக முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஸ்ப்ளிட்டில் அந்த வாரம் காலுக்குப் பூஜ்யம். காலுக்கான ஒரு நாளுக்கும் அடுத்ததற்கும் நடுவே 14 நாள் ஓடிவிடும். ஃபுல் பாடியில் திங்கள் செய்தது, அப்புறம் வெள்ளி. காலுக்கான 9 செட்டில் 6 கிடைத்துவிடும். எனக்கு ஸ்ப்ளிட் செய்த மூன்று மாதத்தில் காலுக்கான நாள் ஐந்து முறை தவறியது. (இரண்டு முறை வேண்டுமென்றே.) இடைவெளி விட்டு ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்தால் மறுநாள் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்குவேன். இந்த வலிக்கு டாம்ஸ் என்று பெயர். தசைக்குப் பழகாத வேலை கொடுத்தால் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வரும், அடிக்கடி செய்யச் செய்யக் குறையும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை செய்தால் எப்படிப் பழகும்?

ஸ்குவாட் போலப் பல மூட்டுகள் சேர்ந்து இயங்கும் காம்பவுண்ட் பயிற்சிகளுக்குப் பலத்தோடு பழக்கமும் வேண்டும். எழும்போது என் முழங்கால்கள் உள்பக்கம் சாய்வது, வாரம் மூன்று தடவை செய்ய ஆரம்பித்த பிறகுதான் நின்றது.

ஐந்து நாளும் தவறாமல் போகிறவருக்கு ஸ்ப்ளிட் ஒத்துவரலாம். நான் அப்படி ஒரு மாதம்கூடப் போனதில்லை. ஃபுல் பாடியிலும் ஒரு தொல்லை உண்டு. கடைசியில் வரும் பயிற்சிக்குத் தெம்பு மிஞ்சாது. எனக்கு அது ரோயிங், அதாவது எடையை உடலை நோக்கி இழுக்கும் முதுகுப் பயிற்சி. அதனால் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வரிசையைத் தலைகீழாக்கி, ரோயிங்கை முதலில் முடித்துவிடுகிறேன்.