சேலத்திலிருந்து பிரெஞ்சு: இலவசப் பல்கலைக்கழகப் பாடமா, நேரலை வகுப்பா?

சேலத்தில் பிரெஞ்சு படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பிளஸ் டூவில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுத்து நல்ல மார்க் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பலரிடம் ஒரு பிரெஞ்சுக்காரர் வந்து ஊர் பேர் கேட்டால் வாய் வராது. கண்ணால் படித்து, கையால் எழுதிய மொழி அது. காதும் நாக்கும் பழகவே இல்லை. ஆன்லைனில் புதிதாகத் தொடங்குபவர்களும் இதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். அதனால் எது இலவசம், எது சான்றிதழ் தரும் என்று பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: என் உச்சரிப்பையும் எழுத்தையும் யார் திருத்தப் போகிறார்கள்?

இந்தக் கேள்வியோடு மூன்று வழிகளைப் பார்க்கலாம்: வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இணையத்தில் திறந்து வைத்திருக்கும் பாடங்கள், பிரெஞ்சு கற்பிக்கும் அமைப்பான அலையன்ஸ் பிரான்சேஸ் நடத்தும் நேரலை வகுப்புகள், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் சான்றிதழ்ப் படிப்பு. செயலிகளை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. ஐந்து ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் பத்துச் சொல் மனப்பாடம் செய்ய அவை நல்லவை, அதோடு சரி.

ஐரோப்பிய மொழி அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். தொடக்கநிலை என்பது ஏ1. அதற்குச் சுமார் 100 மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். தினம் 45 நிமிடம், வாரம் ஆறு நாள் உட்கார்ந்தால் 22 வாரத்தில் முடியும்.

பல்கலைக்கழகப் பாடம்

ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ‘ஃபிரான்சே அன்தெராக்தீஃப்’ முழுக்க இலவசம். 13 அத்தியாயங்கள், பிடிஎஃப் புத்தகம், சொற்களுக்கு ஒலிப்பதிவு, லியோன் நகரில் எடுத்த வீடியோக்கள், இலக்கணத்துக்குத் தனித் தளம். அங்கே கல்லூரி முதலாண்டுக்கு வைத்த பாடம் என்பதால், 13ஐயும் ஒழுங்காக முடித்தவர் ஏ1 எல்லையைத் தாண்டியே நிற்பார். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஓஎல்ஐ என்ற இணையப் பாடத் தளத்திலும் தொடக்கநிலை பிரெஞ்சு உண்டு. அதன் சிறப்பு பயிற்சிகள்: தப்பாகப் போட்டால் விடையை உடனே நீட்டாமல், ஒரு குறிப்பு கொடுத்து மறுபடி யோசிக்க வைக்கும்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு இந்த வழி கூடுதல் வசதி. மலையில் மழை பிடித்தால் கரண்டும் சிக்னலும் சேர்ந்தே போகும். சேலத்துக்கு இறங்கும் நாளில் புத்தகத்தையும் வீடியோக்களையும் இறக்கி வைத்துக்கொண்டால், வாரம் முழுக்க யார் தயவும் வேண்டாம்.

குறைகளும் உண்டு. விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில். வீடியோக்களில் பிரெஞ்சுக்காரர்களோடு அமெரிக்க மாணவர்களும் பேசுகிறார்கள். புரிந்துகொள்ள எல்லோரையும் கேளுங்கள், பின்பற்றிச் சொல்லிப் பழக பிரெஞ்சுக்காரர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுப் பாடத்தில் தடுமாற வாய்ப்பு அதிகம். காரணம் ஒரு சின்னச் சொல். காபி பிடிக்கும் என்றால் ‘லு கஃபே’. காபி குடிக்கிறேன் என்றால் ‘த்யு கஃபே’. காபி குடிப்பதில்லை என்றால் ‘து கஃபே’. நமக்கு மூன்று இடத்திலும் வெறும் காபிதான், அதனால் இது வேண்டாத தொல்லையாகத் தெரியும். பொதுவாகக் காபி என்ற பொருள், அதில் கொஞ்சம், அதில் ஒன்றுமே இல்லை என்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள், குழப்பம் தீரும். அந்தப் பாடத்துக்கு மட்டும் இரண்டு வாரம் ஒதுக்குவது நியாயம்.

திருத்துபவர் இல்லாவிட்டால் எங்கே கெடும்

தமிழ் எழுத்தில் உச்சரிப்பைக் குறித்து வைக்கும் பழக்கம்தான் முதல் எதிரி. ரொட்டிக்கும் குளியலுக்கும் உள்ள பிரெஞ்சுச் சொற்களை எழுதிப் பாருங்கள், இரண்டும் ‘பேன்’ ஆகிவிடும். மீனும் விஷமும் இரண்டுமே ‘புவாசோன்’. முதலாவதில் காற்றாக வரும் ‘ஸ’, இரண்டாவதில் தொண்டை அதிரும் ஒலி. பரிசும் கேக்கும் கூட இப்படியே மாறிப்போகும். விரலைத் தொண்டையில் வைத்துச் சொல்லிப் பாருங்கள்: அதிர்ந்தால் ஒரு சொல், அதிராவிட்டால் வேறு சொல்.

இரண்டாவது, நம் குற்றியலுகரம். மெய்யில் முடியும் சொல்லுக்கு நாமாகவே ஒரு ‘உ’ ஒட்டிவிடுவோம். ‘பை’ என்று பொருள்படும் ‘சாக்’ நம் வாயில் ‘சாக்கு’ ஆகிவிடும். பேசு என்ற வினையில் நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நான்குக்கும் எழுத்து மூன்று விதமாக இருந்தாலும் ஒலி ஒன்றுதான்: ‘பார்ல்’. கண்ணால் மட்டும் படித்தவர் கடைசி எழுத்துகளையும் சேர்த்து வாசித்து, கேட்கும்போது தடுமாறுவார்.

ஆனால் தமிழர்களுக்கு ஒரு கொடை இருக்கிறது, ஆங்கிலம் வழி படிப்பதால் அது கண்ணில் படுவதில்லை. பேச்சில் ‘மரம்’, ‘பழம்’ என்னும்போது உதட்டை மூடாமல் கடைசி ஒலியை மூக்கில் விட்டுவிடுகிறோம் அல்லவா? பிரெஞ்சில் ‘நல்ல’ என்ற சொல்லின் முடிவில் வரும் மூக்கொலி ஏறக்குறைய அதுவே. ‘த’வும் அப்படியே: பல்லில் நாக்கு படும் நம் ‘த’ போலத்தான் பிரெஞ்சு ‘த’வும். ‘நீ’, ‘நீங்கள்’ வித்தியாசத்தையும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். புதிதாகப் பழக வேண்டிய உயிரொலி ஒன்று உண்டு: நாக்கை ‘ஈ’ இடத்திலேயே வைத்து, உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவியுங்கள். நாக்கு பின்னால் நகர்ந்தால் ‘மேலே’ என்ற சொல்லும் ‘கீழே’ என்ற சொல்லும் ஒன்றாகிவிடும்.

நேரலை வகுப்பு

அலையன்ஸ் பிரான்சேஸ் 1883இல் பாரீஸில் தொடங்கியது. புதுச்சேரிக் கிளை 1889இல் வந்தது. சென்னை, புதுச்சேரி, பெங்களூரு மூன்றும் சேலத்திலிருந்து தினம் போய் வரும் தூரமில்லை என்பதால் ஆன்லைன் வகுப்புதான் வழி. ஆசிரியர் அந்த நொடியே திருத்துவார். இதற்குக் கொடுக்கும் பணம் வீணில்லை. ஆனால் பணம் கட்டுமுன் ஒரு பேட்ச்சில் எத்தனை பேர் என்று கேளுங்கள். 90 நிமிட வகுப்பில் 15 பேர் என்றால், ஆசிரியர் ஒரு வார்த்தை பேசாவிட்டாலும் உங்கள் பங்கு 6 நிமிடம். எட்டுப் பேருக்கு மேல் போனால் யோசிக்க வேண்டியதுதான்.

வீடியோ வகுப்பு மணிக்கு ஒரு ஜிபி அளவுக்கு டேட்டா தின்னும். தினம் 1.5 ஜிபி பேக் வைத்திருப்பவருக்கு 90 நிமிட வகுப்போடு அன்றைய கணக்கு தீர்ந்துவிடும். பிரான்சிலிருந்து நடக்கும் வகுப்பில் சேர்ந்தால் கடிகாரத்தையும் பாருங்கள். பாரீஸ் மாலை 6 மணி கோடையில் நமக்கு இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் இது மாறும். மறந்தால் வகுப்பு போய்விடும்.

இக்னோ

பிரெஞ்சுச் சான்றிதழ்ப் படிப்புக்குக் குறைந்தது 6 மாதம். பாடநூல், ஒப்படைப்பு, ஜூன் அல்லது டிசம்பரில் தேர்வு. இந்தியப் பல்கலைக்கழகச் சான்றிதழ் கையில் வேண்டும் என்பவர்களுக்கும், தேர்வுத் தேதி கழுத்தைப் பிடித்தால்தான் படிப்பு ஓடும் என்பவர்களுக்கும் பொருந்தும். பேச்சுக்கு இதை நம்ப வேண்டாம்.

எதை எடுப்பது

மூன்றில் ஒன்று என்று பார்க்காமல் இரண்டைச் சேர்ப்பதே சரி. முதல் எட்டு வாரம் டெக்சஸ் பாடத்தின் முதல் நான்கு அத்தியாயங்கள், செலவில்லாமல். தினம் 45 நிமிடத்தில் 20 கேட்டுச் சொல்வதற்கு, 15 இலக்கணத்துக்கு, 10 கையால் எழுதுவதற்கு. சொன்னதை போனில் பதிவு செய்து மூல ஒலியோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் ஆண்பால், பெண்பால் குறியோடு சேர்த்தே எழுதுங்கள்; மேசையும் நாற்காலியும் அஃறிணை என்று பழகிய நமக்குப் பிற்பாடு சேர்ப்பது கடினம். எட்டு வாரம் தாக்குப்பிடித்தால் ஒன்பதாவது வாரம் நேரலைக்குப் பணம் கட்டுங்கள். பெயர் சொல்லவும் எண்ணவும் தெரிந்து உள்ளே போனால், அந்த 6 நிமிடம் முழுக்கப் பேச்சுக்கே கிடைக்கும்.

நேரலையையே முதலில் எடுக்க வேண்டியவர் ஒருவர்தான்: நான்கு மாதத்துக்குள் தேர்வு எழுதியாக வேண்டியவர்.

கனடா கனவோடு தொடங்குபவர்கள் கவனிக்கவும். அங்கே குடியேற்றத்துக்கு ஏற்கும் பிரெஞ்சுத் தேர்வுகள் டெஃப் கனடாவும் டிசிஎஃப் கனடாவும். படி வாரியாக எழுதும் பிரெஞ்சுச் சான்றிதழ்த் தேர்வான டெல்ஃப் அந்தக் கணக்கில் வராது. டெஃப், டிசிஎஃப் முடிவு 2 ஆண்டுதான் செல்லும். பிரெஞ்சு தெரிந்தவர்களைக் குடியேற்றத்துக்குத் தேர்ந்தெடுக்கும் சுற்றுக்குக் கேட்கும் அளவு ஏறக்குறைய பி2, அதாவது நான்காம் படி. ஏ1 சான்றிதழைக் காட்டி அங்கே கதவு திறக்கும் என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள்.

மற்றவர்களுக்கு டெல்ஃப் ஏ1 நல்ல இலக்கு; வாழ்நாள் முழுக்கச் செல்லும். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25 மதிப்பெண். மொத்தம் 50 வேண்டும், எதிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. கேட்டலில் ஒலிப்பதிவை இரண்டு முறை போடுவார்கள். ரயில் மேடை, விலை, போன் எண் என்று எண்களாக வரும். 70 என்பது ‘அறுபது பத்து’, 80 ‘நாலு இருபது’, 90 ‘நாலு இருபது பத்து’. இவற்றைக் கேட்டவுடன் இலக்கமாக எழுதும் வரை பழகுங்கள். பேசும் தேர்வு வேறொரு நாளில் வைக்கப்படலாம், ஆகவே சென்னையிலிருந்து திரும்ப ரயில் டிக்கெட் எடுக்குமுன் அழைப்புக் கடிதத்தில் இரண்டு தேதிகளையும் பாருங்கள்.