எங்கள் பகுதி கிளினிக்கின் கணினிப் பதிவேடு: ஒன்றரை ஆண்டு பார்த்ததில்

பெங்களூருவில் ஸ்ரீராமபுரத்தை ஒட்டிய எங்கள் பகுதியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய கிளினிக், ஒன்றரை ஆண்டுக்கு முன் நோயாளிகளின் நோட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு முழுவதுமாகக் கணினிப் பதிவுக்கு மாறியது. சர்க்கரை நோயாளியான என் அம்மாவை (வயது 66) மாதம் ஒருமுறை அங்கே அழைத்துச் செல்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கிளினிக்கின் பெயரையும் மென்பொருள் நிறுவனத்தின் பெயரையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன்.

முதலில், அவர்கள் செய்த மிகச் சரியான காரியம். கணினி வந்த நாளிலிருந்து பதிவைத் தொடங்காமல், சர்க்கரை, பி.பி. நோயாளிகள் எல்லோருடைய மூன்றாண்டு லேப் ரிப்போர்ட்டுகளையும் கேட்டு வாங்கி, கல்லூரி மாணவர்களை உட்காரவைத்து ஒவ்வொரு எண்ணாகப் பதிந்தார்கள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப் பொருளான கிரியாட்டினின் அம்மாவின் ரத்தத்தில் முதலாண்டு 1.0, அடுத்த ஆண்டு 1.2, அதற்கடுத்து 1.4 என்று இருந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு டாக்டர் பார்த்து, "கொஞ்சம் கூட இருக்கு, தண்ணி நல்லா குடிங்கம்மா" என்று சொல்லி அனுப்பியதுதான் மிச்சம். திரையில் அந்த மூன்று எண்களும் ஒரே கோடாக ஏறி நின்றபோது, டாக்டர் மானிட்டரை அம்மாவின் பக்கம் திருப்பி, பேனா முனையால் அந்தக் கோட்டின் மேல் மெல்லக் கொண்டுபோய்க் காட்டினார். வயதையும் பாலினத்தையும் சேர்த்துச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனை மென்பொருளே கணக்கிட்டு 41 என்று காட்டியது. 45க்குக் கீழே இறங்கினால் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினின் அளவை மறுபரிசீலனை செய்ய வேண்டும், 30க்குக் கீழே போனால் அந்த மருந்தையே நிறுத்திவிட வேண்டும் என்பது மருத்துவ நடைமுறை. அன்றே அம்மாவின் மாத்திரை ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமிலிருந்து 1,000 ஆகக் குறைக்கப்பட்டது. மூட்டுவலிக்காக மெடிக்கல் ஷாப்பில் நாங்களாக வாங்கிக் கொடுத்துவந்த, சிறுநீரகத்துக்கு ஆகாத வலி மாத்திரை எந்தப் பதிவிலும் இல்லை. டாக்டர் வாய்விட்டுக் கேட்டதால்தான் அதுவும் நின்றது.

இனிக் குறைக்கு வருகிறேன். அது கவுண்டரில் தொடங்குகிறது. மென்பொருள் முதல் பெயர், குடும்பப் பெயர் என இரண்டு கட்டங்களை நிரப்பாமல் மேலே போகவிடுவதில்லை. நம்மவர்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அம்மாவின் பெயர் எம். ஜெயலட்சுமி. முதல் முறை பதிந்த பெண் குடும்பப் பெயர்க் கட்டத்தில் 'எம்' என்று மட்டும் போட்டார். ஆறு மாதம் கழித்து அவருடைய இடத்துக்கு வந்தவர் 'முருகேசன்' என்று அப்பாவின் பெயரைப் போட்டார். ஆங்கிலத்தில் லட்சுமிக்கு நடுவில் ஒருவர் கே-எஸ்-ஹெச் தட்ட, மற்றவர் எக்ஸ் தட்டினார். முதலில் என் தங்கையின் போன் நம்பரைக் கொடுத்திருந்தோம், பிறகு என்னுடையதை. ஆகக் கணினிக்குள் இரண்டு ஜெயலட்சுமிகள் உருவாகிவிட்டார்கள். ஒருவருக்குச் சல்பா மருந்து ஒவ்வாமை என்று பதிவாகியிருந்தது. மற்றவருக்கு அந்தக் கட்டம் காலி.

சிறுநீர்த் தொற்றுக்காகப் போன அன்று திறந்தது அந்தக் காலிப் பதிவு. சல்பா கலந்த மாத்திரை சீட்டில் அச்சாகியும் விட்டது. அம்மா அதன் பெயரைக் கேட்டு, "டாக்டர், சல்பா எனக்கு ஒத்துக்காது, உடம்பெல்லாம் தடிச்சிடும்னு போன வருஷமே எழுத வெச்சேனே" என்றார். டாக்டர் திரையைப் பார்த்து, "இதில் இல்லையேம்மா" என்றார். சிஸ்டர் அலமாரியிலிருந்து பழைய நீல நோட்டைத் தேடி எடுத்து வந்தார். அட்டையின் உள்பக்கத்தில் சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் அது இருந்தது. பேச முடியாத நிலையில் அம்மாவைக் கொண்டுபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் இன்றும் என்னை விடவில்லை. மென்பொருள் நிறுவனம் இரண்டு பதிவுகளையும் இணைத்துத் தர மூன்று வாரம் எடுத்துக்கொண்டது.

இப்போது கவுண்டரில் ஆபா (ABHA) என்ற சுகாதாரக் கணக்கு எண்ணைக் கேட்கிறார்கள். ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்டது. அதில் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது இந்த 14 இலக்க எண். இரட்டைப் பதிவுக்கு இது நல்ல மருந்துதான். ஆனால் வரிசையில் நிற்பவர்களில் பலர் இதை ஐந்து லட்சம் ரூபாய்க் காப்பீட்டு அட்டை என்றே நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு என்பதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். எண் வாங்கிவிட்டால் மட்டும் நம்முடைய ரிப்போர்ட்டுகள் அதில் வந்து சேர்ந்துவிடாது: பதிவு அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும், அவர்கள் அதை எண்ணுடன் இணைக்க வேண்டும், இன்னொருவர் பார்ப்பதற்கு நாம் சம்மதம் தர வேண்டும். இந்தச் சம்மதப் படிவம் இங்கே ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் மட்டுமே இருக்கிறது. கன்னடம் சரளமாகப் பேசினாலும் படிக்கத் தெரியாத பெரியவர்கள் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். எதற்கு என்று தெரியாமலேயே அவர்கள் கைநாட்டு வைக்கிறார்கள். தமிழில் ஒரு பக்கம் அச்சிடுவதற்கு என்ன செலவாகிவிடும்?

கவுண்டர் மானிட்டர் வரிசையைப் பார்த்தபடி இருப்பதையும் மாற்ற வேண்டும். முன்னால் நின்ற ஒரு பையனுக்குக் காசநோய் மருந்து போகிறது என்பதை நான் படிக்க நேர்ந்தது. எனக்கு அது தெரிந்திருக்கவே கூடாது.

கரண்ட் போனால் யு.பி.எஸ். தாங்குகிறது. இணையம் போனால் காகிதத்தில் எழுதி மாலையில் ஏற்றுகிறார்கள். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸின் சர்வர்களே இணையத் தாக்குதலில் முடங்கி, அங்கே பல நாள் கையால் எழுதி வேலை பார்த்தார்கள் என்பதை நினைத்தால், இந்தக் காகித வழக்கத்தைக் கைவிடாமல் இருப்பதே நல்லது.

நிர்வாகத்துக்கு இன்னொரு யோசனை. மாதாமாதம் கட்டணம் கட்டும் இந்த மென்பொருளைத் தவிர வேறு வழி இல்லை என்று நினைக்க வேண்டாம். 2004இல் தொடங்கிய ஓப்பன் எம்.ஆர்.எஸ். என்ற மருத்துவப் பதிவு மென்பொருள் உரிமக் கட்டணம் இல்லாதது, யாரும் மாற்றிக்கொள்ளக்கூடியது. அதை அடிப்படையாக வைத்துக் கட்டப்பட்ட பாம்னி என்ற மென்பொருள், சத்தீஸ்கரின் கனியாரியில் ஓர் ஊரகச் சமூக மருத்துவமனையின் தேவைக்காக உருவானது. பராமரிக்க ஆள் வேண்டும் என்பது உண்மைதான். ஆனாலும் பெயர்க் கட்டத்தை நம் ஊர்ப் பெயருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் அதில் இருக்கிறது.

ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். அந்த மூன்றரையில் ஒன்று, 1-0-1 என்று அச்சாகி வரும் சீட்டின் ஓரத்தில் 'காலை, இரவு' என்று இன்னமும் தமிழில் எழுதிக் கொடுக்கும் சிஸ்டருக்கு. புதிதாகப் போகிறவர்கள் பழைய ரிப்போர்ட்டுகளைக் கையோடு கொண்டுபோங்கள். கவுண்டரில் பதிந்ததும் பெயர், போன் நம்பர், ஒவ்வாமை மூன்றையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்காமல் படித்துக் காட்டுகிறார்கள்.