கதவைச் சாத்தும் தெரபி மையம்: ஏமாந்த கதை

"ஆறே மாதத்தில் நார்மல் ஆக்கிடலாம்மா." தெரபி மையத்தில் இதைக் கேட்ட நிமிடமே, ஆட்டிசம் உள்ள என் மகனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருக்க வேண்டும். ஆட்டிசம் மருந்து கொடுத்துப் போக்கும் நோய் அல்ல என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பணம் கட்டினேன். ஆசை, வேறென்ன.

முதல் வேலையாகத் தலைமுடியை வெட்டி டெஸ்டுக்கு அனுப்பினார்கள். பாதரசம், ஈயம் என்று கலர் கலராய்க் கோடு போட்ட ரிப்போர்ட் வந்தது. அதையெல்லாம் உடம்பிலிருந்து மருந்து கொடுத்து வெளியேற்றும் கீலேஷன் செய்ய வேண்டுமாம். நல்லவேளை, எங்கள் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டேன். 2005இல் அமெரிக்காவில் ஐந்து வயது ஆட்டிசச் சிறுவன் ஒருவன் கீலேஷன் மருந்து ஏற்றியதில் ரத்தத்தில் கால்சியம் இறங்கி, இதயம் நின்று இறந்துபோனதை அவர்தான் சொன்னார்.

அதில் தப்பித்தோம், காற்றழுத்தத்தை ஏற்றி ஆக்ஸிஜன் கொடுக்கும் அறையில் மாட்டினோம். கை உலர்த்தும் மெஷின் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிற பிள்ளை அவன். அந்த அறையில் அழுத்தம் ஏறும்போது, விமானம் இறங்கும்போது அடைப்பதுபோலக் காது அடைக்கும். பேச்சு வராதவன் அதை எப்படிச் சொல்வான்? தலையில் அடித்துக்கொண்டான். 'பிடிவாதம்' என்று எழுதி வைத்தார்கள். ஆட்டிசத்துக்கு இந்தச் சிகிச்சை பலன் தரும் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2013லேயே எச்சரித்திருந்ததை அப்புறம்தான் படித்தேன்.

தெரபி நேரத்தில் கதவு சாத்தியே இருக்கும். "அம்மாவைப் பார்த்தா ஒத்துழைக்க மாட்டான்" என்பார்கள். ஒருநாள் சீக்கிரம் போய்க் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன். மூலையில் உட்கார்ந்து சட்டைக் காலரை மென்றுகொண்டிருந்தான், நெஞ்சுவரை ஈரம். தெரபிஸ்ட் போனில். அன்றைய நோட்டில், 'உட்காருதல்: நன்று'.

இப்போது பார்க்கிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குபவர்) முதல் நாளே என்னையும் தரையில் உட்காரச் சொன்னார். அடித்துக்கொள்வதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன கிடைத்தது என்று ஒரு வாரம் எழுதச் சொன்னார். விளக்கைக் குறைத்தார், காலருக்குப் பதிலாகக் கடித்து மெல்வதற்கு ஒரு ரப்பர் குழாய் கொடுத்தார். மூன்று மாத இலக்கு, 'தானே ஷூ போடுவது'. எழுத்தில், கையெழுத்தோடு. இதைத் தர மறுக்கிற இடத்தில், கூடவே உட்கார விடாத இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

பழைய மையத்தில் மிச்சப் பணத்தையும் மதிப்பீட்டு அறிக்கையையும் கேட்டேன். பணம் வரவில்லை. அறிக்கை என்று ஒன்றை அவர்கள் எழுதவே இல்லை. அந்த நோட்டைத்தான் கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்கும் 'நன்று', எல்லாம் ஒரே பேனா.