உப்புக்காற்றில் 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி: எம்51 கேலக்ஸியைப் பார்க்கப் போதுமா?

போதும். ஆனால் படங்களில் வரும் நீலமும் சிவப்புமான சுருளை நினைத்து வாங்கக் கூடாது. 203 மி.மீ. ஆடியும் 1200 மி.மீ. குவியத் தூரமும் உள்ள தரைப்பீடத்தில் கையால் திருப்பும் இந்த ஆடித் தொலைநோக்கியில் 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) போட்டால் 48 மடங்கு பெரிதாகத் தெரியும். எம்51 கேலக்ஸியும் (விண்மீன்களின் பெருங்கூட்டம்) அதன் துணைக் கேலக்ஸியும் அதில் ஒட்டிய இரண்டு மங்கல் திட்டுகள். பெரியதை 1773-இல் மெசியேயும், சிறியதை 1781-இல் மெஷானும் கண்டார்கள்; இருவரும் பிரெஞ்சு வானியலாளர்கள். எம்51-இன் சுருள் வடிவம் 1845-இல் அயர்லாந்தில் ராஸ் பிரபுவின் 72 அங்குல ஆடியில்தான் புலப்பட்டது. நம் 8 அங்குலத்தில் 10 மி.மீ. ஐபீஸ் (120 மடங்கு) போட்டு, நல்ல இருட்டில், பார்வையைச் சற்று ஓரமாக வைத்தால் சுருளின் சாயல் பிடிபடும். ஏறக்குறைய 3 கோடி ஒளியாண்டு கடந்து வந்த ஒளி அது!

இராமநாதபுரம் கடற்கரைக்கு ஒரு கொடுப்பினை உண்டு. ஏப்ரல் நடுவில், நள்ளிரவையொட்டி, எம்51 வடக்கே 52 பாகை உயரத்திலும், எம்83 என்ற இன்னொரு சுருள் கேலக்ஸி தெற்கே 51 பாகை உயரத்திலும் அடுத்தடுத்து உச்சிக்கு வருகின்றன. எம்83-ஐப் பிரெஞ்சு வானியலாளர் லக்காய் 1752-இல் கண்டது தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து. பாரிஸில் அது அடிவானத்தை ஒட்டியே கிடக்கும். வாலிநோக்கம் பக்கம் தெற்கே முழுக்கக் கடல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகு வெளிச்சமும் இராது. அமாவாசையை ஒட்டிப் போக வேண்டும். தனுஷ்கோடி சரிவராது, இருட்டிய பின் அங்கே அனுமதி இல்லை.

சப்தரிஷி மண்டலத்தின் வால்நுனி மரீசி. அதிலிருந்து மூன்றரை பாகை தென்மேற்கே எம்51. சித்திரை நட்சத்திரத்துக்கு ஏறக்குறைய நேர் தெற்கே 19 பாகையில், நீட்டிய கையில் இரண்டு முஷ்டி அளவுக்குச் சற்றுக் குறைவாக, எம்83.

பெரிய குறை அடிப்பீடம். மரத்தூள் பலகை என்பதால் வெட்டு விளிம்பு ஈரம் குடித்து உப்பிவிடும், திருப்பினால் இறுகும். வாங்கியதுமே விளிம்புகளுக்கு வார்னிஷ் இரண்டு கை அடித்துவிடுங்கள். ஆட்டோவில் ஏற்றி இறக்கினாலே ஆடி நகரும். குழாயின் அடியிலுள்ள திருகுகளால் ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். முதலில் பனி பிடிப்பது குழாய் வாயருகே உள்ள சிறிய துணை ஆடியிலும் ஐபீஸிலும்தான். பழைய யோகா பாயைச் சுருட்டிக் குழாய் வாயில் ஓர் அடி நீட்டிக் கட்டினால் நெடுநேரம் தாங்கும். ஆடியில் படிந்த பனியைத் துணியால் துடைக்கவே கூடாது, உப்புத்துகள் அலுமினியப் பூச்சைக் கீறிவிடும். தானாக உலரவிட்டு, பிறகு காய்ச்சி வடித்த நீரால் அலசுங்கள். கச்சான் காற்று பலமாக வீசும் இரவில் குழாய் பாய்மரம் மாதிரி ஆடும். 120 மடங்கை மறந்துவிட்டு 48-லேயே பாருங்கள்.