கோபியில் ஒரு சக்கர நாற்காலியை இரண்டு அங்குலம் இறக்கினோம்

இந்த முறை ஊருக்குப் போன நான்கு வாரத்தில் மூன்று வாரம் அப்பாவின் சக்கர நாற்காலியோடே கழிந்தது. வீட்டில் பக்கவாதம் வந்தவர் இருக்க, தூர தேசத்திலிருந்து பணம் மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கும் என்னைப் போன்ற பிள்ளைகளுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஈரோடு மாவட்டத்துக் கோபிக்கு, அதாவது கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். போன வருசம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. வலது பக்கம் நல்ல தெம்பு. நான் மெல்போர்னிலிருந்து பணம் போட்டுவிட, பெரியப்பா மகன் ஒரு கடையில் நாற்காலி வாங்கி வந்தார். மடக்குவதா, மடக்காததா என்பதைத் தவிர கடையில் எதுவும் கேட்கவில்லையாம். யார் உட்காரப் போகிறார், எந்தப் பக்கம் வராது, உயரம் எவ்வளவு என்று ஒரு வார்த்தை இல்லை.

எட்டு மாசம் கழித்து நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா ஆசாரத்தில் (வீட்டுக் கூடத்தில்) அந்த நாற்காலியில் இடது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலையில் அம்மா கொண்டுவந்து நிறுத்திய இடம்.

"ஏனுங்கப்பா, நீங்களா ஓட்டறதில்லீங்களா?"

"அதெங்க கண்ணு ஓடுது. ஒத்தக் கையில தள்ளுனா வட்டமடிக்குது."

அவர் சொன்னது சரிதான். ஒரு சக்கரத்தை மட்டும் தள்ளினால் வண்டி திரும்பத்தான் செய்யும். ஒரு பக்கம் மட்டும் வருகிறவர்கள் நல்ல கையால் சக்கரத்தைத் தள்ளி, அதே பக்கத்துக் காலைத் தரையில் ஊன்றி இழுத்துப் போவார்கள். காலே திசையையும் பார்த்துக்கொள்ளும். அதற்குக் குதிகால் தரையில் நன்றாகப் பதிய வேண்டும். அப்பாவுக்கு விரல் நுனிதான் எட்டியது. எட்டி எட்டி இழுக்கப் பார்த்து, இடுப்பு முன்னால் வழுக்கி, சீட்டின் விளிம்பில் கூன்போட்டு உட்காருவார். அம்மா பின்னால் நின்று அக்குளில் கைகொடுத்து மேலே இழுத்துவிடுவார். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று கேட்டேன். "அதெல்லாம் யாரு எண்ணுனா" என்றார். அம்மாவுக்கு இடுப்பு வலி வந்த காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. போனில் ஒரு தடவைகூட அவர் அதைச் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. வயதில் சின்னப் பெண். "சீட்டை இறக்கோணும்னு அப்பவே சொன்னேனுங்க்கா. கடையில கேட்டதுக்கு அது அப்படித்தான் வரும்னுட்டாங்களாம்" என்றார். பையிலிருந்து தையல்காரர் டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்தார்.

முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை, செருப்போடு, 17½ அங்குலம். அப்பா உட்கார்ந்து மெத்தை அமுங்கிய பிறகு தரையிலிருந்து சீட் 19½. இடுப்பு அகலம் 15, சீட் அகலம் 18. முழங்கால் மடிப்புக்கும் சீட்டின் முன்விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும்; அது மட்டும் சரியாக இருந்தது. எட்டு மாசம் அப்பா ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்ததற்கு அந்த இரண்டு அங்குலம்தான் காரணம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். பின்சக்கரம் மாட்டியிருந்த பட்டையில் மேலும் கீழுமாக ஓட்டைகள் இருந்தன, ஓர் அங்குல இடைவெளியில். சக்கரத்தின் அச்சை, அதாவது ஆக்சிலை, மேல் ஓட்டைக்கு மாற்றினால் சீட் கீழே இறங்கும். எல்லா நாற்காலியிலும் இது இருக்காது. ஒரேயடியாகப் பற்றவைத்து வருவதும் உண்டு. வாங்கும் முன் குனிந்து பார்த்துவிடுங்கள்.

சத்தி ரோட்டில் ஒரு சைக்கிள் கடைக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். கடைக்கார அண்ணன் இதுவரை சக்கர நாற்காலிக்குப் பஞ்சர் மட்டுமே ஒட்டியவர். நட்டில் எட்டு மாசத் துரு. எண்ணெய் விட்டு, டீ குடிக்கும் நேரம் ஊறவிட்டு, ஸ்பேனரைப் போட்டு ஒரு அழுத்து அழுத்தியதும் 'கிறீச்'சென்று கழன்றது. இரண்டு சக்கரத்தையும் இரண்டு ஓட்டை மேலே மாட்டினார். நாற்காலியைத் தரையில் வைத்ததும் நாய் குந்தியதுபோல் பின்பக்கம் மட்டும் தாழ்ந்து நின்றது.

"இது ஆவாதுங்க. முன்னாலயும் இறக்கோணும்" என்றார் அவராகவே.

அவர் கண்டுபிடித்தது ரொம்ப முக்கியமான விசயம். சீட் பின்னால் சரிந்தால் காலை ஊன்றி இழுக்க முடியாது, எழுந்திருப்பதும் கஷ்டம். முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டு நேராக நிற்காவிட்டால் ஓடும்போது அந்தச் சக்கரம் படபடவென்று ஆடும். முன்னால் இருந்தது 8 அங்குலச் சக்கரம். 6 அங்குலம் போட்டால் ஓர் அங்குலம் இறங்கும், அதைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் ஓர் ஓட்டை மேலே மாட்டினால் இன்னோர் அங்குலம். சின்னச் சக்கரம் நிலைப்படியிலும் சரளைக்கல்லிலும் சிக்கும் என்பது இதில் உள்ள நஷ்டம். அதனால் பட்டையான ரப்பர் சக்கரமாகத் தேடி வாங்கினோம். அதன் துளை ஆக்சிலுக்குப் பெரிதாக இருந்தது. பக்கத்து லேத் பட்டறையில் அரை மணி நேரத்தில் துளைக்குள் இறுக்கமாக உட்காரும் சின்னக் குழாய் மாதிரி இரண்டு புஷ் கடைந்து கொடுத்தார்கள். கோயமுத்தூர், ஈரோடு பக்கம் பிறந்ததில் எனக்குப் பெருமையான விசயம் இது: எந்த இரும்புச் சாமானைக் கொண்டுபோனாலும் 'முடியாது' என்று சொல்வதற்கு முன்னால் கையில் வாங்கித் திருப்பிப் பார்ப்பார்கள்.

ஆக்சிலை ஓர் ஓட்டை முன்னால் தள்ளினால் இன்னும் லேசாக ஓடும் என்று அண்ணன் சொன்னார். உண்மைதான், முன்சக்கரத்தில் பாரம் குறையும். ஆனால் பின்பக்கம் மல்லாந்து விழும் ஆபத்தும் கூடும். அப்பா பழகும்வரை வேண்டாம் என்று பிசியோதெரபிஸ்ட் போனிலேயே தடுத்துவிட்டார்.

சக்கரத்தை நகர்த்திய பிறகு பிரேக்கையும் நகர்த்த வேண்டும். பிரேக் என்பது டயரை அழுத்திப் பிடிக்கும் ஒரு கம்பிதான். டியூபில் காற்றுக் குறைந்தாலே பிடிக்காது. எங்கள் நாற்காலியில் காற்றுப் பாதிகூட இல்லை. கட்டிலுக்கு மாறும்போது நாற்காலி நழுவி அப்பா இரண்டு தடவை விழப்பார்த்ததாக அம்மா சொன்னது அதனால்தான்.

அகலத்துக்கு பைக் சீட் தைக்கும் கடையில் இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் கெட்டியான ஃபோம் வைத்து ரெக்சின் போட்டு வாங்கினோம். சரியான அகலத்தில் வாங்கியிருந்தால் இந்த வேலையே இல்லை, குளியலறைக் கதவிலும் இடித்திருக்காது. இடது கை தொங்கினால் தோள்மூட்டு இறங்கிவிடும் என்பதால், ஆசாரி ஒரு பலகையை அறுத்துக் கைப்பிடி மேல் பொருத்தினார். வலது பக்கத்துக் கால்தட்டைக் கழற்றிவிட்டோம். இடது காலுக்கு மட்டும் தட்டு.

சாயங்காலம் அப்பாவை உட்காரவைத்தோம். வலது பாதம் முழுசாகத் தரையில் படிந்தது. குதிகாலை ஊன்றினார். நாற்காலி ஒரு சாண் நகர்ந்தது. கையால் ஒரு தள்ளு, காலால் ஓர் இழுப்பு. ஆசாரத்தைக் கடந்து சமையல்கட்டு நிலையில் போய் முட்டி நின்றார். உள்ளே அடுப்படியில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார்.

மெல்போர்னில் என் அலுவலகத் தோழி சக்கர நாற்காலியில்தான் வேலைக்கு வருகிறாள். அவளை அளந்து, ஓட்டிப் பார்க்கச் சொல்லி, திரும்பத் திரும்பச் சரிசெய்த பிறகே அதைக் கொடுத்தார்களாம். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட வழிகாட்டியும் அளப்பது, பொருத்துவது, ஓட்டப் பழக்குவது, பிறகு பராமரிப்பது எல்லாவற்றையும் சேவையின் படிகளாகவே சொல்கிறது. எங்களுக்கு நாற்காலி விற்ற கடையில் பில் மட்டும் போட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

மூன்றாவது வாரம் கொத்தனார் வந்தார். வாசலுக்கு இறங்கும் உயரம் 15 அங்குலம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்ற கணக்கில் 15 அடிக்குச் சுவரை ஒட்டிச் சாய்தளம் போட்டோம். இவ்வளவு நீளமா, பாதி போதும் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். பாதியாகப் போட்டிருந்தால் அம்மா பின்னால் நின்று தள்ள வேண்டியிருக்கும், அதனால் நான் விடவில்லை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பித்துவிட்டு விமானம் ஏறினேன்.

நேற்று வீடியோவில் கூப்பிட்டபோது அப்பா கட்டுத்தறிப் பக்கம் இருந்தார். பின்னால் மாடு தெரிந்தது. "டயர்ல காத்து கம்மியாயிருக்குது கண்ணு, பிரேக் புடிக்கல. சைக்கிள் கடைக்காரரை வரச் சொல்லீருக்கறேன்" என்றார்.